கழியூதா விளக்கா, கோபாற்றா, வைத்தியசாலை இயந்திரமா? கதிர்ப்பு ஆய்வுக்கு வழி தெரிதல்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். இறுதியாண்டு. "அக்கா, காமாக் கதிர் வெங்காய வேரின் நிறமூர்த்தங்களை என்ன செய்யுது எண்டு பார்க்கப் போறன். காமாவுக்கு எங்க போறது? யூ.வி. லைட் போதும் எண்டு ஒராள் சொல்றார். பியகமவில இருக்கிற காமா நிலையத்துக்கு அனுப்பு எண்டு சினேகிதி சொல்றாள். எதைச் செய்யட்டும்?" அதற்கு முந்திய மாதம் சம்மாந்துறையில் படிக்கும் ஒரு தம்பி, கடற்கரை மணலைக் கைகர் மானியால் (கதிரை எண்ணும் கருவி) அளந்தால் ஆய்வாக எடுப்பார்களா என்று கேட்டிருந்தார். வந்தாறுமூலையிலிருந்தும் இதே போலக் கேள்விகள் வருகின்றன. கேட்பவர்கள் வேறு, தடுமாற்றம் ஒன்றுதான். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாணவியாக இருந்தபோது ஒரு புரதக் கரைசலைக் கழியூதா (யூ.வி.) விளக்கின் கீழ் 5, 10, 20 நிமிடம் வைத்தேன். புரதம் கெட்டது. வரைபும் அழகாக வந்தது. கிடை அச்சில் "நிமிடம்" என்று எழுதியிருந்தேன். பரீட்சகர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த நிமிடங்களில் புரதத்துக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேர்ந்தது?" என்னிடம் பதில் இல்லை. விளக்கு எத்தனை வருடப் பழசு என்று கூட எனக்குத் தெரியாது. இன்னொருவர் தன் விளக்கின் கீழ் அதே 10 நிமிடத்தைத் திருப்பிச் செய்தால் வேறு விடை வரும். ஆறு மாத உழைப்பு அந்த ஒரு கேள்வியில் நின்றுபோனது.

அன்றிலிருந்து, எந்தக் கதிர் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, டோஸை எப்படி அளப்பீர்கள் என்பதைத்தான்.

எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பவை ஐந்து.

டோஸ் தெரியுமா என்பது முதலாவது. டோஸ் என்பது பொருள் உறிஞ்சிய கதிர்ச் சக்தி. அதன் அலகான கிரே என்பது ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல். கேட்கச் சின்னதாக இருக்கும், உண்மையிலும் சின்னதுதான். 1 கிரே தண்ணீரை ஒரு பாகையில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவே சூடாக்கும். 70 கிலோ ஆளுக்கு உடல் முழுக்க 4 கிரே கிடைத்தால், வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் தப்புவது கடினம். அந்த டோஸின் மொத்தச் சக்தி 280 ஜூல். சுடச்சுட ஆற்றிய பிளேன்ரீயில் ஒரு சின்னக் கரண்டி குடித்தால் உடலுக்குள் போகிற வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெப்பம் கொல்வதில்லை. சக்தி ஒரு சில இடங்களில் குவிந்து விழுந்து அயனாக்குவதுதான் கொல்கிறது. அதனால் வெப்பமானியை வைத்து இதை அளக்க முடியாது, தனியான அளவி வேண்டும்.

இரண்டாவது, அந்த மூலக்கூறுக்கு ஏற்ற டோஸ் வீச்சு அங்கே கிடைக்குமா. உயிருள்ள கலம் ஒன்றில் 1 கிரே சுமார் ஆயிரம் ஒற்றைப் புரி முறிவுகளையும், 20 முதல் 40 வரை இரட்டைப் புரி முறிவுகளையும் டி.என்.ஏ.யில் உண்டாக்கும். ஆகவே கலத்துக்கு ஒன்றிரண்டு கிரே போதும். காய்ந்த விதைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். உலர்ந்த புரதத்துக்கும் பல்சக்கரைட்டுக்கும் ஆயிரக்கணக்கில், அதாவது கிலோகிரேயில் வேண்டும். இந்த மூன்று படிகளையும் குழப்புவதால்தான் பாதி ஆய்வுகள் "மாற்றம் எதுவும் தெரியவில்லை" என்று முடிகின்றன.

மூன்றாவது, எத்தனை தடவை திருப்பிச் செய்யலாம். நாலாவது, அனுமதியும் பாதுகாப்பும். ஐந்தாவது, கட்டணப் பட்டியலில் இல்லாத செலவு. பயணம், உருகிய ஐஸ், கரண்ட் போன இரவு எல்லாம் இதில்தான் வரும்.

| வழி | டோஸ் வீச்சு | டோஸை அளப்பது | பொருந்துவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கழியூதா விளக்கு, 254 நா.மீ. | சதுர மீற்றருக்கு ஜூலில் | அயடைட்டு–அயடேற்றுக் கரைசல் | நொதியம், டி.என்.ஏ. கரைசல், மதுவம் | குவார்ட்ஸ் குவெற் (உறிஞ்சல் வாசிக்கும் சின்னக் கலன்), கண் பாதுகாப்பு |
| கோபாற்று-60 (காமாக் கதிர் தரும் மூலம்), பியகம | கிலோகிரே. குறைந்த டோஸைக் கேட்டுத்தான் அறியவேண்டும் | நிலையத்தின் அளவி. 400 கிரே வரை பிரிக்கே கரைசல் | கைற்றோசான், உலர் புரதம், விதை | பயணம், பயணக் கட்டுப்பாட்டு மாதிரி |
| வைத்தியசாலை அக்சலரேற்றர் (புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சை இயந்திரம்) | 0.5 – 20 கிரே | மருத்துவ பௌதிகவியலாளர் | வேர் நுனி, குருதிக் கலம், பிளாஸ்மிட் (பற்றீரியாவின் சின்ன வளைய டி.என்.ஏ.) | கடிதங்கள், காத்திருப்பு |
| இயற்கைக் கதிர்ப்பு | மணிக்கு மைக்ரோகிரேயின் பத்தில் ஒரு பங்களவில் | கைகர் மானி, சோடியம் அயடைட்டுப் பளிங்கு | மண், மணல், பசளை | நேரம் |

கழியூதா விளக்கு: சொந்த மேசையில்

மலிவு, பக்கத்திலேயே இருக்கும், நினைத்த நேரம் செய்யலாம். ஒரே கிழமையில் ஐந்து தடவை திருப்பிச் செய்ய முடிந்த வழி இது ஒன்றுதான். தண்ணீர் வடிகட்டியில் வரும் கிருமிகொல்லி விளக்கு தாழமுக்க இரசவாயு வகை. அதன் பிரதான கோடு 254 நானோமீற்றர், டி.என்.ஏ. அதிகம் உறிஞ்சும் 260-க்குப் பக்கத்தில். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு 365 நானோமீற்றர் அளவில் வருவது. "யூ.வி." என்று போட்டிருக்கிறதென்று அதை வாங்கிவிடாதீர்கள்.

டோஸை அளக்க விலைகூடிய மீற்றர் தேவையில்லை. 0.6 மூலர் பொற்றாசியம் அயடைட்டு, 0.1 மூலர் பொற்றாசியம் அயடேற்று, 0.01 மூலர் போரேற்றுத் தாங்கல், பீ.எச். 9.25. இந்தக் கரைசலில் 254 நா.மீ. ஒளி விழுந்தால் மூவயடைட்டு உண்டாகி மஞ்சள் நிறம் வரும். 352 நானோமீற்றரில் உறிஞ்சலை வாசித்துக் கணக்குப் பார்க்கலாம். இதில் எனக்குப் பிடித்த விசயம், சாதாரண அறை வெளிச்சத்தை இந்தக் கரைசல் கண்டுகொள்வதில்லை. இருட்டறை தேவையில்லை. ஒரு கணக்கு: சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிவாற் விழும் இடத்தில், 20 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தட்டில் 10 மில்லிலீற்றர் வைத்தால், பத்துச் செக்கனில் உறிஞ்சல் சுமார் 0.8 வரும். இது 20 பாகை அளவுக்கான கணக்கு. சொட்டுத் திறன் (ஒரு போட்டனுக்கு எத்தனை மூவயடைட்டு உண்டாகிறது என்பது) பாகைக்கு 2 சதவீதம் அளவில் கூடுவதால், சித்திரை மாதத்து எங்கள் ஆய்வுகூட வெப்பத்தில் இலக்கம் இன்னும் ஏறும். கரைசலின் வெப்பநிலையைப் பதியாமல் விடாதீர்கள்.

சறுக்கும் இடங்கள் இங்கே நிறைய. பெட்ரித் தட்டின் மூடியைத் திறக்காமல் கதிரூட்டுவது அதில் முதலாவது. சாதாரணக் கண்ணாடியும் பொலிஸ்ரைரீனும் 254-ஐ உள்ளே விடாது. அடுத்தது ஆழம். மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் இரட்டைப் புரி டி.என்.ஏ. உள்ள கரைசலுக்கு ஒரு சென்ரிமீற்றரில் உறிஞ்சல் 1. அப்படியென்றால் மேற்பரப்பில் விழும் ஒளியில் பத்தில் ஒன்றுதான் அடியை அடைகிறது. மேலே இருக்கும் மூலக்கூறு தன் நிழலால் கீழே இருப்பதைக் காப்பாற்றிவிடுகிறது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பாகப் பரப்புங்கள், அல்லது கலக்கிக்கொண்டே இருங்கள். விளக்கைப் போட்டவுடன் தொடங்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விடுங்கள்.

பலர் ஏமாறுவது வேறொரு இடத்தில். கழியூதாவில் வைத்த பிளாஸ்மிட்டை, மின்னால் ஜெல்லில் ஓட்டி நீளத்தாலும் வடிவத்தாலும் பிரித்துப் பார்த்துவிட்டு, பட்டைகள் நகரவில்லையே, சேதமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 254 நா.மீ. ஒளியின் ஒரு போட்டனில் 4.9 இலத்திரன்வோல்ற்றுத்தான் உண்டு. அது அயனாக்காது, புரியை நேரடியாக அறுக்காது. பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமீன்களை (டி.என்.ஏ.யின் நாலு எழுத்துக்களில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டினாலும் நீளம் அப்படியே, வளையமும் அப்படியே. அந்த ஒட்டுக்களில் வெட்டும் நொதியம் ஒன்றைச் சேர்த்தால்தான் ஜெல்லில் தெரியும். அந்த நொதியத்தை வெளிநாட்டிலிருந்து குளிர் குறையாமல் வரவழைக்க வேண்டும். அந்தக் கரைச்சல் வேண்டாம் என்றால் நொதியத் தொழிற்பாட்டையே அளவிடுங்கள். உருளைக்கிழங்கிலிருந்து கற்றலேசு எடுத்து, ஐதரசன் பெரொட்சைட்டை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று பொற்றாசியம் பேர்மங்கனேற்று நியமிப்பால் பார்க்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய வேலை.

மதுவத்தில் அல்லது பற்றீரியாவில் செய்பவர்கள், கதிரூட்டிய தட்டை ஒளி புகாத படலத்தாளால் உடனே மூடுங்கள். கட்புல ஒளி பட்டால் கலத்தின் நொதியம் அந்தத் தைமீன் ஒட்டுக்களைப் பிரித்துத் திருத்திவிடும். 1949-இல் அல்பேட் கெல்னர் காட்டியது இதைத்தான். ஜன்னலோர மேசையில் வைத்த தட்டில் உயிர்தப்பிய கலங்கள் கூடுதலாக இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

கண்ணும் தோலும் கவனம். பட்ட நேரம் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்துக் கண்ணில் மண் விழுந்தது போல அரிக்கும், வெல்டிங் வெளிச்சம் பார்த்தவர்களுக்கு வருவது போல. விளக்கைப் பெட்டிக்குள் வைத்து, திறந்தால் அணைகிற சுவிச் போடுங்கள்.

எப்போது இதை எடுப்பது? ஒரே பருவத்தில் முடிக்க வேண்டும், கையில் பணம் குறைவு, ஆனால் புள்ளிகள் நிறைய உள்ள நல்ல வரைபு வேண்டும் என்றால் இதுதான். ஒரு நிபந்தனை: முடிவுரையில் "கதிர்வீச்சு" என்று பொதுவாக எழுதி, காமாவுக்கும் இது பொருந்தும் என்று நீட்டக்கூடாது. இரண்டும் வேறு பொறிமுறைகள்.

பியகமவுக்கு அனுப்புவது: கோபாற்று-60

இலங்கை அணுசக்திச் சபையின் காமா நிலையம் பியகமவில் இருக்கிறது. மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்குவது போன்ற பெருந்தொகை வேலைக்காக அமைத்தது. அந்த வேலையில் டோஸ் கிலோகிரேயில், கிருமிநீக்கத்துக்குப் பொதுவாக 25. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். "வெங்காயத்துக்கு 2 கிரே தாருங்கள்" என்று இப்படியான ஒரு நிலையத்தில் கேட்பது, லொறி நிறுக்கும் தராசில் தங்கத் தாலியை நிறுக்கச் சொல்வது போன்றது. மாதிரி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் விழுகிற டோஸே பிழையை விழுங்கிவிடும். ஆகக் குறைந்தது எவ்வளவு டோஸ் தரலாம், சீரின்மை எவ்வளவு என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

கிலோகிரே வேண்டிய மூலக்கூறு இருந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று குப்பையில் கிடக்கிறது: இறால் கோது. வாவியிலும் பண்ணைகளிலும் வருகிற இறாலைத் துப்புரவாக்கும் இடங்களில் மலைபோலக் கிடக்கும். அமிலத்தில் சுண்ணத்தை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கி, செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டில் கொதிக்கவைத்தால், கோதில் மிஞ்சும் கைற்றின் என்ற பல்சக்கரைட்டு கைற்றோசானாக மாறும். உலர்ந்த கைற்றோசானுக்குப் பத்து முதல் நூறு கிலோகிரே கொடுத்தால் நெடுஞ்சங்கிலி அங்கங்கே அறுந்து குறுகும். அதை அளக்க எந்திரம் எதுவும் வேண்டாம். இரசாயன ஆய்வுகூட அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஒஸ்வால்ட் பிசுக்குமைமானி போதும். அசற்றிக் அமிலக் கரைசலில் கரைத்து, இரண்டு கோடுகளுக்கிடையில் திரவம் இறங்கும் நேரத்தை நிறுத்தற்கடிகாரத்தால் எடுங்கள். கதிரூட்டாத கரைசல் சோம்பலாக இறங்கும், கதிரூட்டியது வேகமாக இறங்கும். கதிர் ஒரு மூலக்கூறை வெட்டியதைக் கண்ணாலேயே பார்க்கிற அந்த நேரம் எனக்கு இன்றும் சந்தோசம் தருகிறது. இப்படிக் குறுகிய கைற்றோசானைப் பயிர் வளர்ச்சிக்குத் தெளிக்கும் ஆய்வுகள் ஆசிய நாடுகளில் நடந்திருக்கின்றன. அம்பாறையின் நெல் வயல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தத் தொடர்ச்சியை யாராவது எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

விதையில் செய்பவர்கள் நூறு முதல் முந்நூறு கிரே என்ற இடத்தில் நிற்பார்கள். நிலையம் அந்த வீச்சைத் தர முடியும் என்றால், விதையோடு பிரிக்கே கரைசலையும் சேர்த்து அனுப்புங்கள். 1927-இல் வந்த, இன்றும் தளராத அளவி. 1 மில்லிமூலர் பெரசு அமோனியம் சல்பேற்று, 1 மில்லிமூலர் சோடியம் குளோரைட்டு, 0.4 மூலர் சல்பூரிக்கமிலம், மிகத் தூய நீர். கதிர் பட்டால் பெரசு இரும்பு பெரிக் இரும்பாகும். 304 நானோமீற்றரில் வாசிக்கலாம். 100 கிரேக்கு ஒரு சென்ரிமீற்றர் குவெற்றில் உறிஞ்சல் ஏறக்குறைய 0.36 ஏறும். 400 கிரேக்கு மேல் கரைசலில் உள்ள ஒட்சிசன் முடிந்துவிடும், அதன்பிறகு நம்ப முடியாது. ஆகவே கைற்றோசானுக்கு இது உதவாது, நிலையத்தின் சொந்த அளவியின் வாசிப்பை எழுத்தில் வாங்குங்கள்.

மட்டக்களப்பு வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிக்கின் உறிஞ்சல் பாகைக்கு 0.7 சதவீதம் கூடும். புத்தகத்து மாறிலி 25 பாகைக்கானது. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் 32 பாகையில் வாசித்தால் டோஸில் 5 சதவீதம் கூடுதலாகச் சொல்வீர்கள். குவெற்றின் வெப்பநிலையை எழுதித் திருத்துங்கள். கரைசலைக் கண்ணாடிக் குப்பியில்தான் அனுப்ப வேண்டும். பிளாஸ்ரிக்கிலிருந்து கசியும் சேதனப் பொருள் வாசிப்பை உயர்த்தும்.

இனிப் பயணம். இங்கிருந்து கொழும்புப் பக்கம் போக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் அல்லது ரயில், அதன்பிறகு இன்னொரு பஸ். போகவர இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் சூடும் குலுக்கலும் மாதிரியைக் கெடுக்கும். அது கதிரின் வேலையா, பயணத்தின் வேலையா என்று பிறகு சொல்லவே முடியாது. அதனால் மூன்று தொகுதி வேண்டும்: போய்க் கதிர் பட்டது, போயும் கதிர் படாமல் வந்தது, ஆய்வுகூடத்தைவிட்டு அசையாதது. நடுவில் உள்ளதைப் பலர் மறக்கிறார்கள். அதை மறந்தால் ஆய்வே இல்லை.

கரைசலாக அனுப்புபவர்கள் ஐஸ் விசயத்தில் இன்னும் கவனம். நீர்க்கரைசலில் சேதத்தின் பெரும்பங்கு, நீர் உடைந்து வரும் ஐதரொட்சில் மூலிகங்களால், அதாவது எதையும் உடனே தாக்கும் நீர்த்துண்டுகளால், நடக்கிறது. உறைந்த நிலையில் அவை நகர முடியாது, சேதம் வெகுவாகக் குறையும். ஒரு பெட்டியில் ஐஸ் உருகி இன்னொன்றில் உருகாமல் இருந்தால், ஒரே டோஸுக்கு இரண்டு விடை வரும். உறையவைத்து அனுப்புவதா, திரவமாக அனுப்புவதா என்று ஒன்றைத் தீர்மானித்து, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

கோபாற்றின் அரைவாழ்வு 5.27 வருடம். மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாக டோஸ் வீதம் இறங்கும். முதல் பருவத்தில் ஒரு தொகுதி, எட்டு மாதம் கழித்து இன்னொரு தொகுதி என்றால் பழைய இலக்கத்தைப் பாவிக்க வேண்டாம்.

வைத்தியசாலை லீனியர் அக்சலரேற்றர்

கலத்தோடும் டி.என்.ஏ.யோடும் வேலை செய்ய விரும்புபவர்களுக்கு, கிடைத்தால் இதுதான் முதல் தெரிவு. புற்றுநோயாளிக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கிற இயந்திரம் என்பதால் டோஸை ஒவ்வொரு நாளும் சரிபார்ப்பார்கள். பிழை ஒருசில சதவீதத்துக்குள் இருக்கும். 1, 2, 5 கிரே என்று கேட்டபடி சில நிமிடங்களில் கிடைக்கும். உங்களால் எவ்வளவு செலவழித்தும் வாங்க முடியாத துல்லியம் அது.

ஆனால் நோயாளிகள்தான் முதலில். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு மாணவரின் வெங்காயத்துக்காக ஒருவரின் சிகிச்சை பத்து நிமிடம் பிந்தினாலும் அது பிழை. மாலையில் வேலை முடிந்தபின், அல்லது பராமரிப்பு நாளில் என்று கேளுங்கள். பணிப்பாளர், புற்றுநோய் வைத்திய நிபுணர், மருத்துவ பௌதிகவியலாளர் என்று மூன்று கடிதம் வேண்டியிருக்கலாம். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். மனிதக் குருதி என்றால் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். அதை நம்பி ஒரு பருவத்துக்குள் முடிக்கத் திட்டம் போடாதீர்கள்.

உள்ளே ஒரு பொறி இருக்கிறது. 6 மெகாவோல்ற்றுக் கற்றை தோலில் உச்ச டோஸைக் கொடுக்காது. தண்ணீரில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில்தான் உச்சம். சின்னக் குழாயை வெறும் மேசையில் வைத்துக் கதிரூட்டினால், திரையில் காட்டும் டோஸைவிட நன்றாகக் குறைவாகவே விழும். மேலே ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் பேர்ஸ்பெக்ஸோ மெழுகோ வேண்டும், கீழேயும் பல சென்ரிமீற்றர் தடிப்பாக ஏதாவது இருக்க வேண்டும்.

பிளாஸ்மிட் எடுப்பவர்களுக்கு இங்கே நல்ல வரைபு கிடைக்கும். வளைய டி.என்.ஏ. முறுக்கேறிச் சுருண்டு இருக்கும், இரண்டு புரிக் கயிற்றை முறுக்கி முனைகளைக் கட்டியது போல. ஒரு புரியில் ஒரே ஒரு இடம் அறுந்தால் போதும், முறுக்கு முழுக்க அவிழ்ந்து தளர்ந்த வளையமாகிவிடும். இரண்டு புரியும் பக்கத்துப் பக்கத்தில் அறுந்தால் நேர்க்கோடாகும். ஜெல்லில் சுருண்டது முன்னே ஓடும், தளர்ந்தது பின்தங்கும். ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. எழுத்துச் சோடிகளில் ஒரே முறிவு கண்ணுக்குத் தெரிகிற இப்படியான அளவி வேறு எங்கே கிடைக்கும்?

தாங்கல் கரைசலைப் பாருங்கள். வழமையாக டி.என்.ஏ. வைக்கும் திரிஸ் தாங்கல் ஐதரொட்சில் மூலிகத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். அதில் வைத்துக் கதிரூட்டினால் டி.என்.ஏ. தப்பிவிடும், "2 கிரே ஒன்றும் செய்யாது" என்று பிழையாக எழுதுவீர்கள். பொசுபேற்றுத் தாங்கலுக்கு மாற்றுங்கள். இரண்டிலும் செய்து ஒப்பிட்டால் அதுவே ஒரு அத்தியாயம்.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் இயந்திரத்தை இதற்குப் பதிலாகக் கேட்க வேண்டாம். நெஞ்சுப் படம் ஒன்றுக்குத் தோலில் விழுவது ஒரு மில்லிகிரேயிலும் குறைவு. ஒரு கிரே சேர ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும்.

இயற்கைக் கதிர்ப்பை அளப்பது

சம்மாந்துறைத் தம்பிக்கு: ஆம், ஆய்வாகும். ஆனால் அது அளவீட்டு ஆய்வு, உயிர் மூலக்கூறு ஆய்வு அல்ல. மணிக்கு 0.1 மைக்ரோகிரே உள்ள இடத்தில் 1 கிரே சேர ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். கடற்கரை மணலை அளந்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் டி.என்.ஏ. சேதம், புற்றுநோய் என்று எழுதினால் ஊரைப் பயமுறுத்துவதைத் தவிர ஒன்றும் நடக்காது. உலக சராசரியில் ஒருவருக்கு இயற்கையாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட் (உயிர்ப் பாதிப்பைக் கணக்கில் எடுத்த டோஸ் அலகு) கிடைக்கிறது. உங்கள் இலக்கத்தை அதனோடு வைத்துப் பேசுங்கள்.

கைகர் மானியா, காமா பட்டால் ஒளிரும் சோடியம் அயடைட்டுப் பளிங்கா? கைகர் "எவ்வளவு" என்று மட்டும் சொல்லும். காமாவில் நூற்றுக்கு ஒன்றைத்தான் பிடிக்கும். பளிங்கு "எது" என்றும் சொல்லும்: பொற்றாசியம்-40 என்றால் 1460 கிலோ இலத்திரன்வோல்ற்று, தோரியத் தொடர் என்றால் 2614. புல்மோட்டை மணலில் உள்ள மொனசைற்று என்ற கனிமத்தில் தோரியம் உண்டு. எங்கள் கரை மணல் அதோடு எப்படி ஒப்பிடுகிறது என்ற கேள்விக்குப் பளிங்குதான் பதில் தரும். மண் மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து நாலு கிழமை வைக்க வேண்டும், மண்ணிலிருந்து வரும் ரேடன் வாயுவும், அது சிதைந்து வரும் பிள்ளைகளும் சமநிலைக்கு வர. அந்த நாலு கிழமையைத் திட்டத்தில் போடாதவர்கள்தான் அதிகம்.

கைகர் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால், வயலுக்குப் போடும் எம்.ஓ.பி. பசளையில் தொடங்குங்கள். அது பொற்றாசியம் குளோரைட்டு. ஒரு கிராம் பொற்றாசியத்தில் செக்கனுக்கு 31 சிதைவு. 50 கிலோ மூடை ஒன்றில் பொற்றாசியம் ஏறக்குறைய 25 கிலோ, ஆகவே செக்கனுக்கு ஏழரை லட்சத்துக்கு மேல் சிதைவு. பயப்பட ஒன்றுமில்லை, எங்கள் உடலிலும் இதே பொற்றாசியம்தான் சிதைந்துகொண்டிருக்கிறது. அனுமதிப் பத்திரம் தேடி அலையாமல், கடையில் வாங்கக்கூடிய, செறிவு தெரிந்த மூலம் இது. பழைய பெற்றோல்மக்ஸ் மென்ரிலில் தோரியம் இருந்தது உண்மை. அந்தக் காலத்தில் வாவியில் இரவு மீன்பிடிக்கக் கொண்டுபோனவர்கள் வீட்டில் இன்னும் கிடக்கலாம். ஆனால் அதன் தூள் மூச்சில் போகக்கூடாது. உடைத்து அளக்கும் எண்ணத்தை விடுங்கள். வேறு எந்தக் கதிர்த்தொழிற்பாட்டு மூலத்தையும் வைத்திருக்க முன், 2014-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தல் பேரவையிடம் கேட்க வேண்டும்.

எண்ணுவது பொறுமையின் வேலை. 100 எண்ணிக்கைக்குப் பிழை 10 சதவீதம், 10,000-க்கு 1 சதவீதம். பின்னணி நிமிடத்துக்கு 25 என்றால் 10,000 சேர ஏழு மணித்தியாலம் வரை ஆகும். ஒரு நிமிடம் எண்ணி "இந்த இடத்தில் கூட, அந்த இடத்தில் குறைய" என்று எழுதியவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை இடங்களின் வித்தியாசம் அல்ல, வெறும் தற்செயல். கடற்காற்றின் உப்பீரம் உயர்வோல்ற்றளவு இணைப்பில் கசிவை உண்டாக்கும். மானியைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள்.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்கு எழுதியது

வெங்காய வேர் நுனியில் 16 நிறமூர்த்தங்கள்தான், பெரியவை, எண்ண இலகு. தெரிவு நல்லது. ஆனால் கழியூதா வேருக்குள் ஆழமாக இறங்காது. பியகமவின் டோஸ் வேரைப் பிரிவடையவே விடாது. அவளுக்கு வேண்டியது ஒன்று முதல் ஐந்து கிரே, ஆகவே வைத்தியசாலை. அனுமதி கிடைக்காவிட்டால் வெங்காயத்தை விட்டு நெல் விதைக்கு மாறி, முளைக்கும் விதையின் அமைலேசு நொதியத்தை அளந்துகொண்டு பியகமவுக்குப் போகலாம். அதற்கும், முந்நூறு கிரேக்குக் கீழே தருவார்கள் என்று பதில் வந்த பிறகுதான். இறக்குமதிப் பெரிய வெங்காயம் வேண்டாம், முளைக்காமலிருக்கப் பதப்படுத்தியதாக இருக்கலாம், வேரே வராது. உள்ளூர்ச் சின்ன வெங்காயம் எடு. வேரைக் காலையில் வெட்டு, அப்போதுதான் பிரிவடையும் கலம் அதிகம். குறைந்தது ஆயிரம் கலம் எண்ணு, எந்தக் கண்ணாடித்துண்டு எந்த டோஸ் என்று தெரியாமல் எண்ணு.

போன கிழமை பதில் வந்தது. பணிப்பாளருக்கான கடிதம் தயாராம். மெழுகுப் பலகையை ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குச் சீவிப் பார்த்தாளாம், விளிம்பு நொறுங்குகிறதாம். அரிசி நிரப்பிய சின்னப் பை வைத்தால் சரிவருமா என்று கேட்டிருந்தாள். கதிர்ச்சிகிச்சையில் அரிசிப் பையைப் பாவித்த வழக்கம் உண்டு. ஆனால் மணிகளுக்கிடையில் காற்று இருக்கும், அடர்த்தி தண்ணீரை விடக் குறையும், தடிப்பைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதை அந்தப் பையை நிறுத்து, கனவளவால் பிரித்துக் கணக்குப் பார்த்து, மருத்துவ பௌதிகவியலாளரிடம் காட்டச் சொன்னேன்.